ஷிஃப்ட் லைட்டுக்குக் கியரைச் சொல்வது யார்: லீவர் சுவிட்சா, ஸ்டேஜ் எண்ணிக்கையா, ஈசியு கணக்கா?

402 மீட்டர் நேர்கோட்டு டிராக் ரேஸ் ஓட்டத்தில் 5 கியர் கார் ஒன்று பெரும்பாலும் மூன்று முறை கியர் மாறும். மூன்றுக்கும் ஷிஃப்ட் லைட் (கியர் மாற்றும் நேரத்தை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு) ஒரே ஆர்பிஎம்மில் எரிந்தால், அதில் ஒன்றாவது தப்பான நேரத்தில்தான் எரியும். முதல் கியரில் லைட்டைப் பார்த்துக் கால் கிளட்சுக்குப் போவதற்குள் எஞ்சின் லிமிட்டரில் (உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டவிடாத தடுப்பில்) முட்டிவிடும். அதற்காக ஆர்பிஎம்மைக் குறைத்து வைத்தால், மூன்றாம் கியரில் இழுவை மிச்சம் இருக்கும்போதே லைட் எரிந்துவிடும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். லைட்டைக் கண்டு கால் அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. கியரை 7000-இல் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் நொடிக்கு 3000 ஆர்பிஎம் ஏறுகிறது என்றால், அந்தக் கால் நொடியில் 750 ஏறிவிடும். ஆகவே லைட் 6250-இல் எரிய வேண்டும். இரண்டாம் கியரில் ஏற்றம் நொடிக்கு 1600 என்றால் 6600. மூன்றில் 800 என்றால் 6800. உங்கள் காரின் எண்கள் வேறாக இருக்கும். அவற்றை அறிய டேட்டா லாக்கர் கட்டாயமில்லை. ஆர்பிஎம் காட்டும் டாக்கோவை நோக்கி மொபைலைக் கட்டி, நொடிக்கு 30 பிரேம் வீடியோ எடுங்கள். 5000-இலிருந்து 6500-க்கு ஊசி போக 15 பிரேம் ஆனால், அது அரை நொடியில் 1500, அதாவது நொடிக்கு 3000. ஊசி டாக்கோ முதல் கியரில் சற்றுப் பின்தங்கும் என்பதால், கிடைத்த செட் பாயின்ட்டிலிருந்து (லைட் எரிய வேண்டிய ஆர்பிஎம்) இன்னும் 100 குறைத்துத் தொடங்குவது நல்லது.

லைட் எந்த வகை என்பதும் இதில் சேரும். இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும். எல்இடி உடனே எரியும். முதல் கியரில் அந்த வித்தியாசமே சில நூறு ஆர்பிஎம். பழைய பல்பு வகை ஷிஃப்ட் லைட் வைத்திருப்பவர்கள் கியர் சுவிட்சைப் பற்றி யோசிக்கும் முன் அதை எல்இடியாக மாற்றுங்கள்.

எனவே முதல் கியருக்கு ஒரு செட் பாயின்ட், மற்றவற்றுக்கு இன்னொன்று வேண்டும். இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கும் தனித்தனியாக வைக்கலாம். ஆனால் மேலே சொன்ன எண்களில் 6700 என்று பொதுவாக வைத்தால் இரண்டிலும் பிழை 100 ஆர்பிஎம்தான். ஓட்டுநரின் கால் ஓட்டத்துக்கு ஓட்டம் அதைவிட அதிகமாக மாறும். ஆக, தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றே: கார் இப்போது முதல் கியரில் இருக்கிறதா இல்லையா என்பதை லைட்டுக்கு எது சொல்வது?

வழிகளை எடைபோடுவதற்கு முன் எங்கள் அளவுகோலைச் சொல்லிவிடுகிறோம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பட்டறையில் தயாராகும் கார், சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு லாரியில் ஏறி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போகிறது. அங்கே பழுதானால் கையில் இருப்பவை ஒரு மல்டிமீட்டரும் கிரிம்ப் பிளேயரும்தான். அதனால் நன்றாக வேலை செய்யும்போது எது துல்லியம் என்பதை விட, கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெடும், அதை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம் என்பதே பெரிது.

ஸ்டேஜ் எண்ணும் லைட்

பல ஸ்டேஜ் (கியருக்கு ஒன்றாகத் தனித்தனி செட் பாயின்ட்) கொண்ட ஷிஃப்ட் லைட்டுகள் கடையில் கிடைக்கின்றன. ஆர்பிஎம் செட் பாயின்ட்டைத் தாண்டிப் பின் சட்டென்று விழுந்தால், கியர் மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஜுக்குப் போகும். சிலர் கிளட்ச் பெடல் சுவிட்சை வைத்து எண்ண வைக்கிறார்கள். வயரிங் மிகக் குறைவு; லீவரைத் தொடவே வேண்டாம். பார்க்க இதுதான் சுலபம்.

ஆனால் இது கியரைப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. ஸ்டார்ட்டில் டயர் சுழன்று, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை ஒரு கணம் விட்டுப் பிடித்தால், ஆர்பிஎம் ஏறி விழுவதைக் கியர் மாற்றம் என்று எண்ணிவிடும். கார் இன்னும் முதல் கியரில்தான் இருக்கும். லைட் 6700-க்குக் காத்திருக்கும். எஞ்சின் லிமிட்டரில் தட்டும். பழைய விமான ஓடுதளம் போலப் புழுதி படிந்த தளத்தில் இது அடிக்கடி நேரும். பர்ன்அவுட்டில் (டயரைச் சூடாக்க நின்ற இடத்தில் சுழற்றும்போது) கிளட்சை நாலு முறை மிதித்தாலும் எண்ணிக்கை கலைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ரீசெட் பட்டனை அழுத்த மறக்காத ஓட்டுநருக்கு, பிடிப்பு நன்றாக இருக்கும் டிராக்கில், இது போதும். மற்றவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எப்போது வழுக்குகிறதோ அப்போதுதான் லைட் சரியாக எரிய வேண்டும். இந்த வகை அப்போதுதான் பிழைக்கிறது.

ஈசியு கணக்கு

ஸ்டாண்ட்அலோன் ஈசியு (தனியாக வாங்கிப் பொருத்தும் எஞ்சின் கணினி) இருந்தால், எஞ்சின் ஆர்பிஎம்மை வண்டி வேகத்தால் வகுத்து அதுவே கியரைக் கண்டுபிடிக்கும். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு: டயர் சுழன்றால் கணக்குத் தப்பும் என்பார்கள். வேக சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் தப்பாது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்வரை எஞ்சினும் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பல்லோடு பல் பூட்டியவை. டயர் தரையில் என்ன செய்தாலும் விகிதம் மாறாது. ஜிபிஎஸ்ஸிலிருந்தோ, முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின் ஓட்டாத பின் சக்கரத்திலிருந்தோ வேகம் எடுத்தால்தான் டயர் சுழற்சி கணக்கைக் கெடுக்கும். ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுப்பவர்கள் முன் சக்கரம் இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது ஒற்றைச் சென்சார் பொய் சொல்லும்.

கணக்கைக் கெடுப்பது கிளட்ச். ஸ்டார்ட்டில் கிளட்ச் நழுவும்போது விகிதம் எந்தக் கியருக்கும் பொருந்தாது. ஈசியுவில் தெரியாத கியர் என்று ஒரு நிலை இருந்தால், அதற்கும் முதல் கியரின் செட் பாயின்ட்டையே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வேக சென்சார் தரும் துடிப்பின் அடர்த்தி. ஜப்பானிய வழக்கப்படி ஸ்பீடோ கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும். சுற்றுக்கு 4 துடிப்பு தரும் சென்சார் என்றால் கிலோமீட்டருக்கு 2548. மணிக்கு 36 கிலோமீட்டரில் நொடிக்கு 25 துடிப்பு, அதாவது துடிப்புக்குத் துடிப்பு சுமார் 39 மில்லி நொடி. நாலு துடிப்பைச் சராசரி எடுக்கும் அமைப்பு 150 மில்லி நொடிக்கு மேல் பின்தங்கும். முதல் கியர் முடியும் வேகத்தில் இது சமாளிக்கக் கூடியதே. சராசரி எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

டர்போ வைத்து, கியருக்கு ஏற்பப் பூஸ்ட், கியருக்கு ஏற்ப இக்னிஷன் கட் என்று ஏற்கெனவே ஈசியு வேலை செய்யும் காரில் வேறு எதையும் தேட வேண்டாம்; லைட்டையும் அதிலேயே ஓட்டுங்கள். ஷிஃப்ட் லைட்டுக்காக மட்டும் ஈசியு வாங்குவது பணத்துக்குக் கேடு. வேக சென்சாரின் கனெக்டர் கழன்றாலோ, ஃபைனல் டிரைவ் மாற்றியபின் விகிதங்களைத் திரும்பச் சொல்லித்தர மறந்தாலோ, லேப்டாப் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

பைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பல பைக்குகளில் ஷிஃப்ட் டிரம்மிலேயே கியர் பொசிஷன் சென்சார் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தால் முடிந்தது. இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் டிராக் ரேஸ் கார்களில், மேல் கியரின் ஆயில் அழுத்தப் பாதையில் ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்து, மேல் கியர் விழுந்ததும் லைட்டை அணைப்பது வழக்கம். எச் அமைப்பு (லீவர் H வடிவத் தடத்தில் நகரும்) மேனுவல் கியர்பாக்ஸில் அப்படி ஒரு துளை கிடையாது. ஹவுசிங்கைத் துளைத்துச் சுவிட்ச் இறக்குவது இந்தச் சிறு பயனுக்குத் தகாத வேலை.

லீவரில் மைக்ரோ சுவிட்ச்

எங்கள் தேர்வு இதுதான். லீவர் எங்கே நிற்கிறது என்பதை நேராகப் பார்க்கிறது, ஊகம் இல்லை. டயர், கிளட்ச், பர்ன்அவுட் எதுவும் இதைக் குழப்பாது.

எச் அமைப்பில் முதல் கியர் என்பது இடப்பக்கம், முன்பக்கம் என்ற இரண்டும் சேர்ந்தது. ஒரே சுவிட்சால் இதைச் சொல்ல முடியாது. இடது தடத்தைப் பார்க்கும் சுவிட்ச் இரண்டாம் கியரிலும் அமுங்கும். முன்பக்கத்தைப் பார்ப்பது மூன்றிலும் ஐந்திலும் அமுங்கும். ஆகவே இரண்டு சுவிட்ச் வேண்டும். ரிவர்ஸ் இடது முன்பக்கம் இருக்கும் கார்களில் அப்போதும் இரண்டும் அமுங்கும், அதனால் நட்டமில்லை.

இரண்டையும் இணைக்கும் விதத்தில்தான் நுணுக்கம் இருக்கிறது. யாருக்கும் முதலில் தோன்றுவது, என்.ஓ. (அமுங்கினால் மட்டும் இணையும்) முனைகளைத் தொடராக இணைத்து, இரண்டும் அமுங்கினால் ரிலே இழுத்து 6250-க்குப் போக வைப்பது. வேலை செய்யும். ஆனால் ஒரு ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும் ரிலே இழுக்காது. முதல் கியரில் 6700 செட் பாயின்ட்டோடு எஞ்சின் லிமிட்டருக்குப் போகும்.

இதைத் தலைகீழாக்குங்கள். இரண்டு சுவிட்சின் என்.சி. (அமுங்கினால் இணைப்பு விடும்) முனைகளையும் இணையாகப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து அமுங்கினால்தான் இணைப்பு விடும். மற்ற எல்லா நிலையிலும் ரிலே இழுத்திருக்கும். ரிலே இழுத்தால் 6700, விட்டால் 6250. இப்போது ஒயர் அறுந்தால், ஃபியூஸ் போனால், தம்பிள் (ஒயர் முனைக் கவ்வி) கழன்றால், எல்லாமே 6250 பக்கம்தான் விழும். மேல் கியர்களில் லைட் சீக்கிரம் எரிந்து நேரத்தில் கொஞ்சம் போகும், எஞ்சின் தப்பும். இணைப்பின் ஒரு கிளை மட்டும் அறுந்தாலும் பிழை அதே பாதுகாப்பான பக்கம்தான். ஆபத்தான பக்கம் கெட ஒரு சுவிட்ச் அமுங்காமல் சிக்க வேண்டும், அல்லது ஒயர் நசுங்கி எர்த் ஆக வேண்டும். அதனால்தான் லீவருக்குக் கீழே போகும் ஒயருக்கு ஸ்லீவ் கட்டாயம்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. உருளை வைத்த வி3 அளவு மைக்ரோ சுவிட்ச் இரண்டு, பேருக்கு இன்னொன்று ஸ்பேராக. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருப்பதும் இதே அளவுதான், ஆனால் அது திறந்த வகை. நம் செம்மண் புழுதி அதற்குள் போய்விடும். சீல் செய்த ஐபி67 வகையை வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 5 பின் ரிலே ஒன்று, 1என்4007 டையோடு ஒன்று, 3 ஆம்பியர் ஃபியூஸ், 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சுவிட்சுகளுக்கு, 0.75 லைட்டுக்கு, செட் பாயின்ட்டில் லைட்டை எரியவைக்கும் ஆர்பிஎம் சுவிட்ச் பெட்டி இரண்டு. ரிலே வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 5 பின் என்று விற்கும் சிலவற்றில் இரண்டு 87 (ரிலே இழுத்தால் இணையும் முனை) மட்டும் இருக்கும், 87ஏ (ரிலே விட்டால் இணையும் முனை) இருக்காது. ஹெட்லைட்டுக்காக வருவது அது. நமக்கு 87ஏ இல்லாமல் ஆகாது.

சுவிட்சை எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுவிட்சைப் பாடியில் திருகி, எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷிஃப்ட் ராடு அதைத் தட்டும்படி வைத்தால், பட்டறையில் நிற்கும்போது கச்சிதமாக வேலை செய்யும். ஓட்டத்தில் முழு இழுவையில் எஞ்சின் மவுன்ட்டில் சாயும். ராடும் கூடவே நகரும். சுவிட்ச் தன்பாட்டுக்கு விட்டுவிட்டுப் பிடிக்கும். சுவிட்சும் அதைத் தட்டும் பகுதியும் லீவர் அடிக்கூட்டிலேயே இருக்க வேண்டும்.

இடத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். லீவர் குமிழ் சுழல் மையத்திலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் 50 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், மையத்திலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் நகரும். பக்கவாட்டில் குமிழ் 35 நகர்ந்தால் அங்கே 4.5-க்குச் சற்று மேல். மையத்துக்கு இன்னும் அருகே போனால் சுவிட்ச் அமுங்க நகர்ச்சை போதாது. லீவர் தன் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனதும் கிளிக் கேட்க வேண்டும். முழுதாக விழுந்தபின்னும் உருளைக்குக் கொஞ்சம் நகர்ச்சை மிச்சம் இருக்க வேண்டும். சுவிட்சே லீவருக்கு ஸ்டாப்பர் ஆகிவிட்டால் சில ஓட்டங்களில் உடைந்துவிடும்.

பிராக்கெட்டை 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டுங்கள். வி3 சுவிட்சின் துளை இடைவெளி 22.2க்கு 10.3 மில்லிமீட்டர், எம்3 திருகு. பிராக்கெட்டின் அடித்துளைகளை நீள்துளையாக்கினால் ஒழுங்குபடுத்தலாம். திருகுகளுக்கு நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு.

வயரிங்: எந்த ஒயரை வெட்டுவது

ஷிஃப்ட் லைட்டைக் கியருக்கு ஏற்ப மாற்ற மூன்று இடத்தில் கை வைக்கலாம். அவற்றில் இரண்டு தப்பு. யூனிட்டின் 12 வோல்ட்டை வெட்டினால், கியருக்குக் கியர் அது அணைந்து மறுபடி தொடங்கும். டாக்கோ சிக்னல் ஒயரை வெட்டினால், முனை தொட்டு விடும் அதிர்வே போலித் துடிப்பாகப் போய் லைட் கண்ட நேரத்தில் மின்னும். மூன்றாவதான லைட்டின் ஒயர்தான் சரியான இடம்.

பல ஆர்பிஎம் சுவிட்சுகள் அவுட்புட்டில் 12 வோல்ட் தருவதில்லை; எர்த்தைத்தான் தரும். அப்படியானால் லைட்டின் பாசிட்டிவ் ஃபியூஸ் வழியாக இக்னிஷனுக்கு. லைட்டின் நெகட்டிவ் ரிலேயின் 30-க்கு. 87ஏ, 6250 வைத்த பெட்டியின் அவுட்புட்டுக்கு. 87, 6700 வைத்த பெட்டிக்கு. காயிலின் 86 ஃபியூஸிட்ட 12 வோல்ட்டுக்கு, 85 இரண்டு சுவிட்சின் என்.சி. முனைகளுக்கும். இரண்டு காம் (பொது) முனைகளும் சேர்ந்து எர்த்துக்கு. டையோடைக் காயிலுக்குக் குறுக்கே, வெள்ளை வளையம் 86 பக்கம் இருக்கும்படி. திருப்பிப் போட்டால் ஃபியூஸ் போகும். டையோடு இல்லாவிட்டால், ரிலே விடும்போது காயிலில் எழும் வோல்ட்டேஜ் சுவிட்ச் முனையைக் கருக்கும். பக்கத்து சிக்னல் ஒயரிலும் ஏறும்.

ரிலேயை விட்டுவிட்டு மைக்ரோ சுவிட்சை நேரே ஈசியு இன்புட்டுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிலே காயில் சுமார் 140 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. வெள்ளி முனை கொண்ட சுவிட்ச் சுத்தமாக இருக்க அந்த மின்னோட்டமே உதவுகிறது. ஈசியு இன்புட்டில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். முனையில் படியும் மெல்லிய படலத்தை அது எரிக்காது. நாளடைவில் சுவிட்ச் தொட்டும் தொடாமலும் நிற்கும். அரிப்பு ஆய்வுக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சிக்ரி இருக்கும் காரைக்குடியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஈசியு என்றால் தங்க முலாம் முனை வாங்குங்கள், அல்லது இன்புட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டு 25 முதல் 30 மில்லி ஆம்பியர் ஓட விடுங்கள். அதற்கு முன் அந்த இன்புட் 12 வோல்ட் தாங்குமா என்று ஈசியு மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

டாக்கோ சிக்னலில் ஒரு எச்சரிக்கை. 4 சிலிண்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் காயில் சுற்றுக்கு 2 துடிப்பு தரும். பிளக்குக்கு ஒரு காயில் வைத்த எஞ்சினில், ஒற்றைக் காயிலிலிருந்து எடுத்தால் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். பெட்டியில் சிலிண்டர் எண்ணிக்கையை அதற்கேற்ப வைக்காவிட்டால் லைட் எரியவே எரியாது. சிடிஐ (கெப்பாசிட்டர் வழி இக்னிஷன்) பெட்டி இருந்தால் காயில் முனையைத் தொடாதீர்கள். அங்கே சில நூறு வோல்ட் இருக்கும். பெட்டியின் டாக்கோ அவுட்புட்டிலிருந்து மட்டும் எடுங்கள். சிக்னலுக்கு ஷீல்டு ஒயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்.

இணைப்புகளுக்கு பிவிசி டேப் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் சாத்திய காருக்குள் பசை உருகி டேப் வழுகிவிடும். கிரிம்ப் செய்து, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

ஓட்டாமல் சோதிப்பது

சோதிக்கத் திருமயம் சாலைக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. முதலில் எஞ்சினை அணைத்து, இக்னிஷன் மட்டும் ஆன். லீவரை ஒவ்வொரு கியரிலும் போட்டு 85-இல் வோல்ட்டேஜ் பாருங்கள். முதல் கியரில் 12 வோல்ட் அளவும், நியூட்ரல், 2, 3, 4, 5 எல்லாவற்றிலும் பூஜ்யத்துக்கு அருகிலும் காட்ட வேண்டும். மூன்றாம் கியரிலும் 12 காட்டினால் இடது தடத்துச் சுவிட்ச் நடுத் தடத்திலேயே அமுங்குகிறது. இரண்டில் காட்டினால் முன்பக்கச் சுவிட்ச் விடவில்லை.

பிறகு பெட்டிகளைத் தற்காலிகமாக 2000, 3000 என்று வையுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், காருக்கு முன்னால் ஆள் கூடாது. கிளட்சை முழுதும் மிதித்து முதல் கியரில் போட்டு ரேஸ் கொடுத்தால் 2000-இல் லைட் எரிய வேண்டும். நியூட்ரலில் 3000. அடுத்து ரிலேயின் 85 ஒயரைக் கழற்றிவிட்டு நியூட்ரலில் பாருங்கள்: 2000-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் 87-உம் 87ஏ-யும் மாறியிருக்கிறது.

உண்மையான செட் பாயின்ட்டுகளைத் திரும்ப வைத்து, முதல் மூன்று ஓட்டம் முடிந்ததும் பிராக்கெட் திருகுகளையும் உருளையின் மிச்ச நகர்ச்சையையும் ஒருமுறை பாருங்கள். ஸ்பேர் சுவிட்சில் ஒயரும் கனெக்டரும் ஏற்கெனவே கிரிம்ப் செய்து, லீவர் கூட்டுக்குள்ளேயே ஒரு பையில் கட்டி வைத்தால், இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மாற்றிவிடலாம்.